அமைச்சரை நோக்கி ஒரு வினா

அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாக்களை ஆறாகப் பகுத்தது நன்னூல். வினவுவோரின் கருத்தையும் நோக்கத்தையும் கொண்டு செய்த பகுப்பு அது. இந்திய நாடாளுமன்றத்தின் விதிநூலும் வினாக்களைப் பகுக்கிறது. ஆனால், விடை எவ்வாறு வரவேண்டும் என்பதே அதன் அளவுகோல். அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாக விடையளிக்க வேண்டும் என்று உறுப்பினர் விரும்பினால், அவ்வினா நட்சத்திரக் குறி பெறும். எழுத்து வடிவிலான விடை போதுமெனில் குறி இல்லை. மக்களவையில் ஒரு நாளின் பட்டியலில் 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்களும் 230 குறியில்லா வினாக்களும் இடம்பெறலாம். பொது முக்கியத்துவம் வாய்ந்த அவசரப் பொருள் குறித்துக் குறுகிய கால அறிவிப்பில் வினவவும் வழியுண்டு. அதற்கு அமைச்சரின் இசைவு வேண்டும்.

இவ்வுரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டமன்றங்களில் உறுப்பினர்கள் ஆட்சியாளரை வினவ இயலாது. 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம், கட்டுப்பாடுகளுடன் வினா எழுப்ப இடமளித்தது. விடை எவ்வளவு மழுப்பலாக இருப்பினும் தொடர்ந்து ஒரு சொல்லும் கேட்க முடியாது. 1909இல், முதலில் வினவிய உறுப்பினருக்கு மட்டும் துணை வினா கேட்கும் உரிமை வாய்த்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே மற்ற உறுப்பினர்களும் துணை வினா தொடுக்கலாயினர்.

இன்று மக்களவையில் வினாவிற்குக் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் அறிவிப்புத் தரவேண்டும். வினா பொதுவாக 150 சொற்களுக்கு மிகலாகாது. வாதம், ஊகம், எள்ளல், குற்றச்சாட்டு, அவதூறு ஆகியவை அதில் இடம்பெறக்கூடாது. கற்பனையான நிலைமை ஒன்றைச் சொல்லிக் கருத்துக் கேட்டலும் ஏற்கப்படாது. ஒருவரின் பொதுவாழ்வுச் செயல்களைத் தவிர அவருடைய நடத்தையைப் பற்றி வினவக்கூடாது. முன்னரே விடையளிக்கப்பட்டது, எளிதில் கிடைக்கும் நூல்களிலும் ஆவணங்களிலும் உள்ளது, நீதிமன்றத்தின் முன் வழக்காக நிலுவையில் இருப்பது ஆகியனவும் விலக்கப்படும். ஒரு விடைக்குள் அடங்காத அளவிற்குப் பெரிய கொள்கைச் சிக்கல்களையும் எழுப்பலாகாது. இறுதியாகக் கூறிய இவ்விதி இருமுனைக் கத்தி போன்றது. எது பெரியது என்பதை வரையறுத்துச் சொல்ல எந்த அளவுகோலும் இல்லை. ஒரு வினா ஏற்கத்தக்கதா என்பதை மக்களவைத் தலைவரே முடிவு செய்கிறார்.

இவ்விதிகளால் வினாக்களுக்கென்றே ஒரு நடை உருவாகியுள்ளது. இருப்புப்பாதைப் பராமரிப்பில் உறங்கும் அமைச்சர் எப்போது விழிப்பார் என்று ஓர் உறுப்பினர் எழுதினால், அது எள்ளலும் குற்றச்சாட்டும் கலந்தது என்று தள்ளப்படும். அவரே, (அ) குறிப்பிட்ட வழித்தடத்தில் பராமரிப்புப் பணி உரிய காலத்தில் முடிக்கப்படவில்லை என்பது உண்மையா, (ஆ) ஆமெனில், அதற்கான காரணங்கள் யாவை, (இ) பணியை முடிக்க ஒதுக்கப்பட்ட தொகையும் செலவிடப்பட்ட தொகையும் எவ்வளவு என்று எழுதினால் ஏற்கப்படக்கூடும். முதல் வினாவிலிருந்து அமைச்சர் சினத்தைக் காட்டித் தப்பலாம். இரண்டாவதற்கு எண்களைத் தந்தாக வேண்டும். கட்டுப்பாடு என்று தோன்றுவது வினவுவோருக்கே வலிமையாவது இவ்விடத்தில்தான்.

வினா, மத்திய அரசின் பொறுப்பிற்கு முதன்மையாக உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஊர்க் காவல் நிலையத்தில் தன் புகார் ஏற்கப்படவில்லை என்று ஒருவர் தம் மக்களவை உறுப்பினரிடம் முறையிடலாம். காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் ஆகையால், அதனை மத்திய உள்துறை அமைச்சரிடம் வினாவாக எழுப்ப முடியாது. கேட்கவேண்டிய இடம் மாநிலச் சட்டமன்றம். கூட்டாட்சியின் எல்லைக்கோடு சாதாரணக் குடிமகனைத் தொடும் இடங்களுள் இதுவும் ஒன்று.

அறியாததை அறிவதற்கே வினா என்று விதிநூல் கருதுவதாகத் தோன்றினும், நாடாளுமன்ற வரலாற்றில் பெருவிளைவுகளை உண்டாக்கியவை அறிவினாக்களே எனலாம். அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957இல், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் தொழிலதிபருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது குறித்து மக்களவையில் வினாக்கள் எழுந்தன. விடைகள் நிறைவளிக்கவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி, அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று ஆதாரங்களுடன் அவையில் உரையாற்றினார். அரசு நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு விசாரணை நடத்தியது. தம் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா கூறினார். சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

இத்தகைய கருவி விலைக்குப் போனதும் உண்டு. வினா எழுப்பப் பணம் பெற்றதாகத் தொலைக்காட்சிவழி வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 2005 டிசம்பரில் மக்களவையின் 10 உறுப்பினர்களும் மாநிலங்களவையின் ஓர் உறுப்பினரும் நீக்கப்பட்டனர். அந்நீக்கம் செல்லும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் நீக்கப்பட்டு, எழுத்து வடிவிலான விடைகள் மட்டும் அளிக்கப்பட்டன. விடைகள்தாம் கிடைத்தனவே என்று எண்ணலாம். ஆனால், எழுத்து விடையை எதிர்த்துத் துணை வினா கேட்க இயலாது. அச்சிட்ட விடையை அலுவலர் எழுதித் தரலாம். எதிர்பாராத துணை வினாவிற்கு அமைச்சர் தாமே துறையை அறிந்திருக்க வேண்டும். 1892இன் உறுப்பினருக்கு இல்லாதிருந்ததும் இதுவே.

சில வேளைகளில், தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும் என்று அமைச்சர் கூறுவார். கேட்போர்க்கு நழுவலாகத் தோன்றும் இச்சொற்களை அவை மறப்பதில்லை. அவை உறுதிமொழியாகப் பதிவு செய்யப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். நிறைவேறியதா என்று கண்காணிக்க 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிகளுக்கான குழு செயல்பட்டு வருகிறது. காலநீட்டிப்பு வேண்டுமெனில், அமைச்சகம் அக்குழுவிடமே கேட்க வேண்டும்.