அமெரிக்கக் கால்பந்தில் தண்டமுறை

விளையாட்டுக்கு உயிர் விதி. விதிக்குக் காவல் தண்டம். அமெரிக்கக் கால்பந்தில் அத்தண்டம் அமையும் வகையை ஈண்டுக் காண்போம்.

அவ்வாட்டத்தில் பந்தையுடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறுதல் வேண்டும். இன்றேல் பந்தை இழக்கும். நிலமே அங்குச் செல்வம். ஆகவே தண்டமும் பெரும்பாலும் நிலமாகவே பெறப்படுகிறது.

விதி மீறப்பட்டதும் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். முன்னர் ஊதுகுழலே ஒலித்தது; 1941இல் யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் டுவைட் பீட் கொடியைப் புகுத்தினார்.

பந்து எடுக்கப்படும் வேளையில் கோட்டைத் தாண்டி நின்றால் 5 கெஜம். தாக்கும் அணியினர் தடுப்போரைக் கையால் பற்றி நிறுத்தினால் 10. முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தால் 15.

இனி, நாம் சிறப்பாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தண்டத்தை ஏற்பதா, விடுப்பதா என முடிவு செய்வது பெரும்பாலும் பாதிக்கப்பட்ட அணியே. மூன்றாம் முயற்சியில் தாக்கும் அணி தவறிழைத்தும் முன்னேறவில்லை எனக் கொள்வோம். தண்டத்தை ஏற்றால் அவ்வணி 10 கெஜம் பின்னே செல்லும். ஆயினும் மூன்றாம் முயற்சியை மீண்டும் பெறும். விடுத்தாலோ, அதற்கு எஞ்சுவது நான்காம் முயற்சி ஒன்றே. எனவே விடுத்தலே பலகால் அறிவுடைமையாகும்.

உடலுக்கு ஊறு விளைக்கும் கொடுஞ்செயலுக்கு நிலம் மட்டும் ஈடாகாது; அதனைச் செய்தோன் களத்தினின்றும் வெளியேற்றப்படுவான்.

தவறியோனை வருத்துவதினும், இழந்தோனுக்கு ஈடு செய்வதே தண்டத்தின் முதல் நோக்கம் என்பதை இவ்வாட்டம் நமக்கு உணர்த்துகிறது.