பாட்டியும் நிகழ்தகவும்

பிடோக் நீர்த்தேக்கத்தின் ஒரு பக்கத்தில் எங்கள் வீடு இருக்கிறது. மறுபக்கத்தில் நான் பயிலும் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. முதலாம் ஆண்டில் நான் எடுத்த பாடங்களுள் ஒன்று, நிகழ்தகவும் புள்ளியியலும். ஒன்று நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அளந்து சொல்வது நிகழ்தகவு. திரட்டிய தகவல்களை ஆராய்ந்து முடிவு காண்பது புள்ளியியல். ‘தேர்வில் தேறினால் போதும்’ என்ற எண்ணத்தோடுதான் நான் முதல் வகுப்புக்குச் சென்றேன்.

அன்று விரிவுரையாளர் எங்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். முதல் குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 20 முறை சுண்டி, விழுந்தது தலையா பூவா என்று எழுத வேண்டும். இரண்டாம் குழுவினர் நாணயத்தைத் தொடாமல், கற்பனையாகவே 20 விடைகளை எழுத வேண்டும். தாள்களைப் பார்த்த விரிவுரையாளர், கற்பனையாக எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரியாகப் பிரித்தெடுத்துவிட்டார். எங்களுக்கு வியப்பாக இருந்தது.

“கற்பனையாக எழுதுபவர்கள் தலையையும் பூவையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். தொடர்ந்து நான்கு முறை தலை என்று எழுத அவர்களுக்கு மனம் வராது. நாணயத்திற்கு அந்தத் தயக்கம் இல்லை. 20 முறை சுண்டும்போது, ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறை விழுவது சாதாரணமானதுதான்” என்றார் அவர். நம் மனம் ஊகிப்பது ஒன்று, உண்மையில் நடப்பது வேறொன்று என்பதே அன்று நான் கற்ற முதல் பாடம்.

வகுப்பின் இறுதியில் அவர் ஒரு தமிழரைப் பற்றிக் கூறினார். எஸ். ஆர். சீனிவாச வரதன் 1940ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். அங்குள்ள மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்ற அவர், கல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். பிறகு நியூயார்க்குக்குச் சென்று பேராசிரியராகப் பணியாற்றினார். மிக அரிதாக நடக்கும் நிகழ்வுகளின் நிகழ்தகவைக் கணக்கிட வழிகாட்டிய அவருக்கு, 2007ஆம் ஆண்டில் ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. கணிதத் துறையின் மிக உயர்ந்த பரிசுகளுள் அதுவும் ஒன்று.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவருடைய முகம் மலர்ந்தது. “மாநிலக் கல்லூரியா? கடற்கரைக்கு எதிரே சிவப்பாக நிற்குமே, அந்தக் கட்டடம்தானே? சிறு வயதில் அந்த வழியாகத்தான் நடந்துபோவேன்” என்றார். அன்று முதல், “இன்று வகுப்பில் என்ன சொன்னார்கள்?” என்று என்னிடம் ஆர்வத்தோடு கேட்கத் தொடங்கினார்.

ஒரு மாதம் சென்றது. நாள்தோறும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கும் பாட்டி, திடீரென நடைப்பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்னிடம் பாடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. ஒருநாள் சாமி படத்தைத் துடைக்கும்போது, அதன் பின்னால் ஒரு கடிதத்தைக் கண்டேன். பெருங்குடல் புற்றுநோய் உள்ளதா என்று அறிய, பாட்டி மலப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மலத்தில் இரத்தம் கலந்திருப்பதாகவும், மேலும் பரிசோதிக்க வேண்டும் என்றும் அக்கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

“பாட்டி, ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“சொல்லி என்ன கண்ணு ஆகப்போகிறது? வந்துவிட்டது என்று எழுதிவிட்டார்களே! இனிமேல் மருத்துவமனைக்கு எதற்கு அலைய வேண்டும்?” என்றார் பாட்டி. அவருடைய குரல் தழுதழுத்தது.

எனக்கும் அச்சமாகத்தான் இருந்தது. ஆனால், அந்த வாரம் வகுப்பில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற சமயப் போதகர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 1763ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதிய தகவல் ஒன்று கிடைக்கும்போது, நம் பழைய கணிப்பை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதற்கு அவருடைய சிந்தனையே அடிப்படை.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். “பாட்டி, உங்கள் வயதுடைய 1,000 பேர் பரிசோதனை செய்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 10 பேருக்கு நோய் இருக்கிறது. பரிசோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடித்துவிடுகிறது. மீதி 990 பேருக்கு நோய் இல்லை. ஆனால், மூலம் போன்ற வேறு காரணங்களாலும் இரத்தம் வரலாம். அவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு அப்படி வந்தாலும், ஏறக்குறைய 50 பேருக்கு இதே கடிதம் போகும். இவை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம்.”

பிறகு சமையலறைக்குச் சென்று 9 கொண்டைக்கடலைகளையும் 50 பட்டாணிகளையும் எடுத்து வந்து, ஒரு கிண்ணத்தில் கலந்தேன். “கடிதம் பெற்ற 59 பேரும் இதில் இருக்கிறார்கள். கொண்டைக்கடலை என்றால் நோய் உண்டு. பட்டாணி என்றால் நோய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள்” என்றேன்.

பாட்டி எடுத்தார். பட்டாணி வந்தது. அதைத் திரும்பப் போட்டுக் கலந்துவிட்டு மீண்டும் எடுத்தார். மறுபடியும் பட்டாணிதான். ஐந்தாம் முறை கொண்டைக்கடலை வந்தது. பாட்டி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கடிதம் வந்த எல்லாருக்கும் நோய் இல்லை” என்றார் மெதுவாக.

“ஆமாம், பாட்டி. இந்தக் கணக்கின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்குத்தான் நோய் இருக்கும். ஆனால், பரிசோதனைக்கு முன்பு அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். இப்போது அது 15 மடங்கு கூடியிருக்கிறது.”

“அப்படியென்றால் பயந்து ஒடுங்கவும் வேண்டாம், பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது” என்றார் பாட்டி. நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அம்மாவும் நானும் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நுண்ணிய கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, மருத்துவர் பெருங்குடலைப் பரிசோதித்தார். அங்கே ஒரு சிறிய சதை வளர்ச்சி இருந்தது. அதை அப்போதே அகற்றினார். பின்னர் வந்த ஆய்வு முடிவு, அது புற்றுநோய் அன்று என்று தெரிவித்தது. அத்தகைய வளர்ச்சி சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார்.

நல்ல முடிவு வந்ததால் மட்டும் பாட்டி மருத்துவமனைக்குச் சென்றது சரியாகிவிடவில்லை. முடிவு வேறாக இருந்திருந்தாலும், அவர் சென்றது சரியே. நாளை என்ன நடக்கும் என்பதை நிகழ்தகவு நமக்குச் சொல்லாது. இன்று நமக்குத் தெரிந்தவற்றை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதை மட்டுமே அது கற்றுத்தரும்.

பாட்டி இப்போது மீண்டும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கிறார். அவருடைய தோழி ஒருவருக்கு அதே போன்ற கடிதம் வந்ததாம். பாட்டி அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மேசைமேல் பட்டாணியும் கொண்டைக்கடலையும் தயாராக இருக்கின்றன.