சந்தை நடத்துபவரும் பொறுப்பாவாரா?

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடவேளையில் இந்த வினாவைக் கரும்பலகையில் எழுதினேன்: "வாரச்சந்தையில் ஒருவர் திருட்டு ஆட்டை விற்றுவிட்டார். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரும் குற்றவாளியா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "சுங்கம் வாங்குகிறாரே, அவருக்கும் பங்குண்டு" என்றனர் சிலர். "வருகிற ஆட்டையெல்லாம் அவர் எப்படி விசாரிப்பார்?" என்றனர் மற்றவர்கள். விவாதம் சூடுபிடித்ததும் மூன்று துணை வினாக்களைத் தந்தேன். திருட்டு ஆடு என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்த பின் என்ன செய்தார்? விற்பனைக்கு அவரே துணை நின்றாரா?

இணையச் சந்தைக்கும் இவையே அளவுகோல். 2004 நவம்பரில் பாஸி.காம் என்ற இந்திய விற்பனைத் தளத்தில் மாணவர் ஒருவர் ஆபாச ஒளிக்காட்சியை விற்பனைக்கு வைத்தார். தளத்தின் தலைமைச் செயல் அலுவலர் கைதானார். நிறுவனத்தை வழக்கில் சேர்க்காமல் அலுவலர் மீது மட்டும் வழக்கு நடத்த முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது.

அதற்குள் சட்டமும் மாறியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு 2008இல் திருத்தப்பட்டு, 2009இல் நடைமுறைக்கு வந்தது. உரிய கவனத்துடன் நடக்கும் தளத்துக்குப் பயனர்களின் செயலுக்கான பொறுப்பிலிருந்து இப்பிரிவு விலக்கு தருகிறது. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தாலோ, அறிந்த பின்னும் நீக்காவிட்டாலோ அந்த விலக்கு இல்லை. அறிதல் என்பது நீதிமன்ற ஆணை அல்லது அரசின் அறிவிப்பு வழியாக அறிவதே என 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குறைதீர் அலுவலரைத் தளம் நியமிக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டு விதிகள்.

மூன்றாம் வினாவுக்கு அமெரிக்காவின் சில்க் ரோடு எடுத்துக்காட்டு. 2011 முதல் 2013 வரை இயங்கிய இத்தளத்தில் பெரும்பாலும் போதைப்பொருள்களே விற்கப்பட்டன. நடத்தியவர் ஒவ்வொரு விற்பனையிலும் தரகு பெற்றார். 2015இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025இல் அதிபர் மன்னிப்பு வழங்கினார். குத்தகைதாரரே திருட்டு ஆட்டுக்கென்று சந்தை கூட்டியதைப் போன்றது இது என்று மாணவர்களே ஒப்பிட்டனர்.

அடுத்த பாடவேளையில் விற்பவர், வாங்குபவர், தள நடத்துநர், நீதிபதி என நான்கு குழுக்களாகப் பிரித்து நடிக்கச் செய்யலாம். ஒவ்வொரு குழுவும் தன் பக்க நியாயத்தை மூன்று வினாக்களின் வழியே சொல்ல வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, நம் பிள்ளைகள் பழைய செல்பேசியை இணையத்தில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். "தளமே அனுமதித்ததே" என்று எண்ணிவிடுகிறார்கள். சட்டம் தரும் விலக்கு தளத்துக்குத்தான், விற்பவருக்கு இல்லை. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமிருந்தும் வாங்குவது வாங்குபவருக்கும் குற்றம். ரசீது இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வரும் செல்பேசியைப் பற்றி, வாங்கும் முன் நம்மிடம் ஒரு சொல் கேட்கும் பழக்கம் வந்தாலே இப்பாடம் பயன் தந்துவிட்டது.