வட்டமடிக்கும் விமானத்தில் டேங்க்

கேள்வி: என்.சி.சி. விமானப் பிரிவில் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் மாதிரி விமானத்தில், எரிபொருள் இருந்தும் எஞ்சின் பாதியில் அணைவது ஏன்?
– வாசகர், காசிமேடு

பதில்: கன்ட்ரோல் லைன் விமானம் இரண்டு மெல்லிய கம்பிகளின் பிடியில், இயக்குபவரைச் சுற்றி வட்டமடிக்கிறது. கம்பிகள் பெல்கிராங்க் என்ற நெம்புகோலை அசைக்க, வாலிலுள்ள எலிவேட்டர் ஏறி இறங்கும். இவற்றைப் பொருத்திய பிறகே எரிபொருள் டேங்க்கைப் பொருத்த வேண்டும்; எஞ்சின் அணைவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

சுழற்சியில் எரிபொருளான மெத்தனால்–விளக்கெண்ணெய்க் கலவை வட்டத்தின் வெளிப்பக்கம் ஒதுங்கும். எனவே உறிஞ்சுகுழாயின் முனை, டேங்க்கின் வெளிப்புறச் சுவரையொட்டிப் பின்மூலையில் இருக்க வேண்டும். நடுவில் நின்றால் காற்றை இழுத்து எஞ்சின் அணையும். டேங்க்கின் மையக்கோடு, எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வின் மட்டத்தில் அமையட்டும். தலைகீழாகப் பறக்கையில் எஞ்சின் சத்தம் மாறினால், அடியில் மெல்லிய தக்கை வைத்தோ எடுத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம்.

மிச்ச மெத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரை உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். பறந்து முடிந்ததும் டேங்க்கைக் காலிசெய்து, எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.