விளக்கை வையுங்கள், சாலையை விட்டு இறங்குங்கள்

பருவகால ஆலோசனை: ஐப்பசி முதல் தை வரை நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவோருக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதை ஒட்டித் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டம், கார்த்திகையில் சபரிமலைப் பயணம், மார்கழியில் விடியற்காலைப் பனிமூட்டம், பிறகு பொங்கல். எதிரே இருப்பது சரியாகத் தெரியாத மாதங்களில்தான் நம் மக்கள் குடும்பத்தோடு இரவுப் பயணம் கிளம்புகிறார்கள்.

சென்ற பருவத்து விபத்துக் குறிப்புகளைப் புரட்டினால் ஊரும் பெயரும்தான் மாறுகின்றன. டயர் பஞ்சர். காரை இடப்பக்கம் ஓரங்கட்டியாயிற்று. ஹசார்டு விளக்கும் போட்டாயிற்று. ஓட்டியவர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இழுக்கிறார். மைத்துனர் செல்போன் டார்ச் பிடிக்கிறார். குழந்தைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு மழையில் அந்தக் கார் கண்ணில் படுவது கடைசி நொடியில்.

ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எச்சரிக்கை விளக்கு பின்னால் வருபவருக்குச் சேதி சொல்லும், அவ்வளவே. அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால், குடித்திருந்தால், ஈரத்தில் பிரேக் வழுக்கினால், அந்தச் சேதியால் பயன் இல்லை. விளக்கை வைத்த கையோடு எல்லோரும் சாலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

எந்த விளக்கை வாங்குவது?

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. காந்தத்தால் கார் கூரையில் ஒட்டிக்கொள்ளும் சிறு எல்.இ.டி. விளக்கு. சாலையில் வைக்கும் வட்டத் தட்டு விளக்கு. இது மூன்றாகவோ ஆறாகவோ பெட்டியில் வரும். எல்.இ.டி. பதித்த முக்கோணம். "எவ்வளவு வெளிச்சம் வரும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இதை வைத்து முடிக்க நான் எவ்வளவு நேரம் ரோட்டில் நிற்க வேண்டும்?"

ஸ்பெயின் நாட்டில் 2026 ஜனவரி 1 முதல் முக்கோணப் பலகைக்குப் பதிலாகக் கூரையில் ஒட்டும் மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். முக்கோணத்தை வைக்க நடந்து போனவர்கள் மீதே வண்டிகள் மோதியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த விளக்கு நான்கு திசையிலும் தெரிய வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும் என்பது அங்கே விதி. காரை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒட்டிவிடலாம். நம் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. காரணம் மட்டும் நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

எனவே எங்கள் பரிந்துரை: கூரைக்கு ஒரு காந்த விளக்கு, சாலைக்கு மூன்று தட்டு விளக்குகள். புதுக் காரோடு கொடுத்த பிரதிபலிப்பு முக்கோணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு பேட்டரியே தேவையில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. நிறம்: ஆம்பர் என்று கேட்டு வாங்குங்கள், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவது வேண்டவே வேண்டாம். அது காவல், அவசர ஊர்திகளின் அடையாளம். தனியார் காரில் போட்டால் சட்டப்படி தவறு. வெள்ளை விளக்கும் வேண்டாம். கண்ணைக் கூசச் செய்வதோடு, எதிரே ஏதோ வண்டி வருகிறது என்று நினைக்க வைக்கும்.

2. மின்னும் வேகம்: நொடிக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. படபடவென்று வெட்டி வெட்டி எரிவது கண்ணை ஈர்க்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட விடாது.

3. தண்ணீர்: பெட்டியில் "வாட்டர் ப்ரூஃப்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஐ.பி. 65 என்றால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். சாலையில் வைக்கும் விளக்குக்கு 67 நல்லது.

4. காந்தம்: உங்கள் கார் கூரையில் வீட்டிலேயே ஒட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கூரை, அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் டிக்கிக் கதவு ஆகியவற்றில் ஒட்டாது.

5. பொத்தான்: ஓர் அழுத்தில் மின்ன வேண்டும். ஒன்பது விதமாக எரியும் என்று விற்பார்கள். நனைந்த கையோடு இருட்டில் அந்த ஒன்பதையும் தாண்டிப் போக உங்களுக்கு நேரம் இருக்காது.

6. எரியும் நேரம்: இரண்டு மணி நேரமாவது தாங்க வேண்டும். மழை நாளில் இழுவை வண்டி நீங்கள் நினைத்த நேரத்தில் வராது.

7. வெளிச்சம்: பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாங்கிய அன்றே ஆளில்லாத தெருவில் வைத்துவிட்டு 200 தப்படி தள்ளிப் போய்ப் பாருங்கள். இரவில் ஒரு முறை, மேகமூட்டமான பகலில் ஒரு முறை. பகலில் மங்கினால் மாற்றிக்கொள்ளுங்கள். அடைமழைப் பகல் இரவைவிட மோசம். பலர் முகப்பு விளக்குகூடப் போடாமல் வருவார்கள்.

பேட்டரியும் இடமும்

நல்ல விளக்கு வாங்கியவர்களும் தோற்றுப்போகும் இடம் இது. கோடையில் பூட்டிய காருக்குள் வெயில் ஏறி ஏறி, சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயன் பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும். சித்திரையில் வாங்கிப் போட்டது ஐப்பசியில் எரியும் என்று எண்ணாதீர்கள். மாதம் ஒரு முறை எடுத்து எரிய விட்டுப் பார்த்து, சார்ஜ் ஏற்றி வையுங்கள். சாதாரண பென்சில் செல் போடும் விளக்கானால், செல்லை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து முனையை அரித்துவிடும். மாற்றிப் போடும் லித்தியம் செல் விலை அதிகம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சக்தி இழக்காமல் இருக்கும்.

வைக்கும் இடம், ஓட்டுநர் கைக்கு எட்டும் டேஷ்போர்டு அறை அல்லது கதவுப் பை. டிக்கியில் வைக்காதீர்கள். ஸ்டெப்னிக்கு அடியில், அதன் மேல் துணிப்பெட்டி, அதற்கும் மேல் மாமியார் கொடுத்தனுப்பிய பலகாரப் பை என்று புதைத்து வைத்தால், அதை எடுக்க நீங்கள் நிற்கப்போவது எங்கே? காருக்குப் பின்னால், சாலையில். எந்த இடத்தில் நிற்காதீர்கள் என்கிறோமோ அதே இடத்தில்!

எவ்வளவு தூரத்தில் வைப்பது?

கணக்கு எளியது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் விளக்கைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டு நொடி என்றால் 56 மீட்டர் போய்விட்டது. ஈரத் தார்ச் சாலையில் அது நிற்க இன்னும் ஏறத்தாழ 100 மீட்டர் வேண்டும். ஆக 150 மீட்டருக்கு மேல். 80 கிலோமீட்டர் வேகத்திலும் 100 மீட்டரைத் தாண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதுவும் போதாது. நீங்கள் பத்தடி பின்னால் வைக்கிற முக்கோணம் யாருக்காக?

சாலையோரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடக்க இடம் இருந்தால் மட்டும் நடங்கள். ஒளிரும் பட்டை போட்ட சட்டையை அணிந்து, விளக்கை எரியவிட்டுக் கையில் பிடித்தபடி, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். முதல் விளக்கு 50 தப்படியில், இரண்டாவது 100, கடைசி 200 தப்படியில். எல்லாமே ஓரக் கோட்டை ஒட்டி. சாலைக்குள் கால் வைக்கக் கூடாது. திரும்பும்போது வண்டிகள் உங்கள் முதுகுப் பக்கம் வரும். ஆகவே தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறங்கித் திரும்புங்கள்.

வளைவிலோ மேட்டுக்கு அப்பாலோ நின்றுவிட்டால், விளக்கு வளைவுக்கு முன்பே, மேடு ஏறும் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தர்மபுரி, சேலம் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறோம். அங்கே பாரத்தோடு இறங்கும் லாரி நினைத்த இடத்தில் நிற்காது.

நடக்க இடமில்லையா? மேம்பாலமா? கனமழையா? நடக்கவே வேண்டாம். இடப்பக்க ஜன்னல் வழியாகக் கூரையில் காந்த விளக்கை ஒட்டுங்கள், ஹசார்டும் பார்க்கிங் விளக்கும் போடுங்கள், அத்தோடு போதும்.

சாலையில் வெள்ளம் பாய்ந்து கார் நின்றுவிட்டாலும் கூரை விளக்கு மட்டுமே. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், விழுப்புரம் அரசூர் அருகே வெள்ளம் புகுந்து சென்னை, திருச்சி நெடுஞ்சாலையே முடங்கியது. அந்தத் தண்ணீரில் தரையில் வைத்த விளக்கு யாருக்குத் தெரியும்? எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலாமல், தண்ணீர் ஏறுமுன் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

பிறகு நிற்க வேண்டிய இடம்

மறுபடியும் சொல்கிறோம். காருக்குப் பின்னால் நிற்காதீர்கள். காருக்கு முன்னாலும் நிற்காதீர்கள்; பின்னால் இடித்தால் அந்தக் கார் உங்கள் மீதுதான் பாயும். காருக்குள் உட்கார்ந்தும் இருக்காதீர்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பியைத் தாண்டி, வண்டிகள் வரும் திசையில் காரைவிடச் சற்றுப் பின்தள்ளிப் போய் நிற்க வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்புங்கள். அது அழட்டும். பாட்டிக்கு நனைந்தால் சளி பிடிக்குமே என்பீர்கள். குடை கொடுத்து இறக்குங்கள்.

இறங்க வழியே இல்லாத பாலத்தில் மட்டும் சீட் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து உதவியை அழையுங்கள்.

வலப்பக்க டயர் பஞ்சரானால் நெடுஞ்சாலை ஓரத்தில் நீங்களே மாற்றாதீர்கள். உங்கள் முதுகு போக்குவரத்துக்குள் இருக்கும். மெதுவாக உருட்டிக்கொண்டே அடுத்த பெட்ரோல் பங்க், டோல் பிளாசா அல்லது லாரி நிறுத்துமிடம் வரை போய்விடுங்கள். ரிம் வளைந்தால் வளையட்டும். புது ரிம் வாங்கலாம்.

தயவுசெய்து நிறுத்துங்கள்

மழையில் ஹசார்டு போட்டுக்கொண்டே ஓட்டுவது. நிற்கிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. இண்டிகேட்டரும் வேலை செய்யாது. ஓடும்போது முகப்பு விளக்கைப் போடுங்கள், போதும்.

நின்ற வண்டிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் அடுக்குவது. தழை இரவில் தெரியாது. வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுப் போகிறீர்களே, அடுத்து வரும் பைக்காரர் உங்களுக்கு என்ன செய்தார்?

டிக்கியைத் திறந்தே வைப்பது. பல கார்களில் பின்விளக்கும் நீங்கள் அதில் ஒட்டிய விளக்கும் மேலே தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும்.

செல்போன் டார்ச்சை ஆட்டி வண்டிகளைத் திருப்பிவிடுவது. நீங்கள் போக்குவரத்துக் காவலர் அல்ல. சாலையை விட்டு இறங்குங்கள்.

போன் பேசவும் டீ குடிக்கவும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவது. வண்டியை ஆபத்தான நிலையில் விட்டுவைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122 தடை செய்கிறது. விளக்கு எரிகிறதே என்பது அதற்குப் பதில் ஆகாது.

அழைக்க வேண்டிய எண்கள்

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. காவல் உள்ளிட்ட எந்த அவசரத்துக்கும் 112. காயம் என்றால் 108. "விழுப்புரம் தாண்டி ஒரு புளியமரம்" என்று இடம் சொல்லாதீர்கள். மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல்லில் இருக்கும் ஊரும் எண்ணும், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதும் போதும். இந்த எண்களை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

விளக்கை எடுத்து எரிய விடுங்கள். எரியாவிட்டால் மாற்றுங்கள். டேஷ்போர்டு அறையில் இடம் ஒதுக்குங்கள். ஒளிர் சட்டை ஒன்று வாங்குங்கள். டயர் காற்று, ஸ்டெப்னிக் காற்று, வைப்பர் ரப்பர், பின்விளக்கு பாருங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் காருக்கு அழைத்து, ஒரு முறை ஒத்திகை பாருங்கள்: யார் விளக்கை ஒட்டுவது, யார் குழந்தையைத் தூக்குவது, எந்தக் கதவு வழியாக இறங்குவது. பத்து நிமிடம் ஆகாது. இதற்கு நேரமில்லை என்பவர்கள் இந்தப் பருவத்தில் இரவுப் பயணத்தை விட்டுவிட்டுப் பகலில் ரயிலில் போகலாம்.