ஒரு கடிதமும் எட்டரை ஆண்டுகளும்

கேள்வி: சின்னச் சின்ன முடிவுகள் ஒருவர் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்பதைச் சொல்லும் காதல் நாவல் ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: தயங்காமல் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ என்பேன். அவர் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது அச்சாகி வந்தது. பத்தொன்பது வயதில் ஆன் எலியட், தாய்போல மதிக்கும் லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டு, கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை வேண்டாம் என்கிறாள். எட்டு ஆண்டுகள் கழித்து அவன் பணமும் பெயருமாகத் திரும்பி வருகிறான். மனத்தில் கோபம் ஆறவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது ஒரு சிறு காட்சி. நெடுந்தூரம் நடந்து களைத்திருக்கும் ஆன் எலியட்டை, வாய் பேசாமல், தன் அக்காவின் குதிரை வண்டியில் கைகொடுத்து ஏற்றிவிடுகிறான் வென்ட்வொர்த். அவ்வளவுதான். ஆனால் அவன் இன்னும் தன்னைக் கவனிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. லைம் என்ற ஊரின் கடற்கரைப் படிகளில், அவர்களுடன் வந்த லூயிசா என்ற இளம்பெண் பிடிவாதமாகக் குதிப்பதும் இப்படித்தான், நொடி நேரச் செயல். அவள் விழுந்து கிடக்கும்போது நிதானம் இழக்காதவள் ஆன் ஒருத்திதான்.

ஆஸ்டினும் ஒரு முடிவை மாற்றினார். முதலில் எழுதிய முடிவில், எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் அந்தப் புகழ்பெற்ற காதல் கடிதமே கிடையாது. திருப்தியில்லாமல் 1816-இல் திருத்தி எழுதினார். கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நாவலை முடித்ததும் அவற்றையும் தேடிப் படியுங்கள்.