ஒரே திரை, மூன்று அலமாரிகள்

தொலைக்காட்சியுடன் இணைந்த ஸ்ட்ரீமிங் சாதனத்தை இயக்கியதும் செயலிகளின் சின்னங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஒன்றில் வாடகைத் திரைப்படம், மற்றொன்றில் சந்தாத் தொடர், அடுத்ததில் நம் வீட்டுத் திருமணக் காணொளி. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல் இருப்பினும், அவற்றின்மீது நமக்குள்ள உரிமை ஒன்றன்று.

2007இல் வெளிவந்த முதல் ஆப்பிள் டிவியில் 40 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. கணினியிலுள்ள பாடல்களையும் படங்களையும் அதில் பதிந்து வைக்க முடிந்தது. 2010இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சாதனத்தில் அவ்வாறு சேமித்து வைக்கும் வசதி இல்லை. வாடகைப் படங்கள் இணையம் வழியே வந்தன. சொந்தக் கோப்புகள் வீட்டுக் கணினியிலிருந்து வந்தன. கணினியை அணைத்தால் அவையும் திரையிலிருந்து மறைந்தன. களஞ்சியமாக இருந்த சாதனம் வெறும் வாயிலாக மாறிற்று. இன்றைய சாதனங்களுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

வாடகையும் சந்தாவும்

வாடகைப் படத்தைப் பொதுவாக 30 நாள்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் 48 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். சந்தா நின்றால் அச்சேவையின் நூலகம் முழுவதும் நமக்கு மூடப்படும். விலை கொடுத்து 'வாங்கிய' படமும் பெரும்பாலும் பார்ப்பதற்கான உரிமமே அன்றி முழு உடைமை ஆகாது.

சந்தாக்களுக்கான தானியங்கிப் பிடித்தம் குறித்து, 24 மணி நேரத்திற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வறிவிப்பைப் படித்து, பயன்படுத்தாத சந்தாவை அப்போதே நிறுத்திவிடலாம்.

நமக்கே உரியவை

வங்கிப் பெட்டகத்தில் உள்ள நகை நம்முடையது. பெட்டகமோ வாடகைக்குப் பெற்றது. இணையச் சேமிப்பகத்தில் உள்ள குடும்பப் படங்களின் நிலையும் அதுவே. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை கட்டணமில்லை. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் புகைப்படங்களும் அவ்வளவிற்குள் அடங்கும். தனிநபர் கணக்கு 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நீக்கப்படவும் கூடும். குடும்பத்தின் படங்களையெல்லாம் தம் கணக்கில் வைத்திருந்த மூத்தவர் மறைந்து, கடவுச்சொல்லை எவரும் அறியாத வீட்டில் இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகைப் படத்தை மீண்டும் எடுக்கலாம். பாட்டியின் குரலை மீண்டும் பதிவு செய்ய இயலாது.

ஆகவே மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம்:

1. குடும்பப் படங்களையும் காணொளிகளையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, மற்றொரு படியை வேறிடத்தில் வைத்திடுக.

2. ஆண்டிற்கொரு முறை அப்படிகளைத் திறந்து, அவை இயங்குகின்றனவா எனச் சரிபார்த்திடுக.

3. வங்கிக் கணக்கிற்கு நியமனதாரரைக் குறிப்பிடுவதுபோல், இணையக் கணக்கிலும் நம்பிக்கைக்குரியவரைப் பதிவு செய்திடுக. கூகுள், ஆப்பிள் ஆகிய இரண்டும் இவ்வசதியை அளிக்கின்றன.

திரையில் தெரிவன யாவும் நமக்குச் சொந்தமல்ல. சொந்தமானவற்றைக் காக்கும் பொறுப்போ நம்முடையதே.